ஒரே மாடல், மூன்று விலை: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மதிப்பை எப்படிக் கணிப்பது?

கேள்வி: 2006, 2007ஆம் ஆண்டுகளில் தயாரான மூன்று போர்ஷே 911 கரேரா எஸ் கார்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. மூன்றும் மேனுவல் கியர். முதல் கார் 38,000 கி.மீ. ஓடியது, விலை மிக அதிகம். இரண்டாவது 72,000 கி.மீ.; மூன்றிலும் விலை குறைவு இதற்குத்தான். மூன்றாவது 1,15,000 கி.மீ. ஓடியிருந்தும் இரண்டாவதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள். எது நியாயமான விலை? வாங்கி ஐந்து ஆண்டு ஓட்டிவிட்டு விற்றால் என்ன தேறும்?

பதில்: அதிக தூரம் ஓடிய கார் குறைவாக ஓடிய காரைவிட விலை கூடுதலாக இருப்பது உங்களுக்கு முரணாகப் பட்டிருக்கிறது. ஆனால் இந்த மூன்று விலைகளில் எனக்கு இயல்பாகத் தோன்றுவது அதுதான். மற்ற இரண்டையும்தான் நான் துருவிப் பார்ப்பேன். சாதாரணக் குடும்பக் காருக்கு ஆண்டும் ஓடிய தூரமும் தெரிந்தால் விலையைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான கார்கள், ஏறக்குறைய ஒரே மாதிரி ஓட்டப்பட்டு, மாதந்தோறும் கைமாறுவதால் சராசரிக்கு அங்கே பொருள் உண்டு. ஸ்போர்ட்ஸ் காரில் அப்படி இல்லை. ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எஞ்சின் சூடேறும்வரை பொறுமையாக ஓட்டியிருப்பார். இன்னொருவர் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய்ப் பிழிந்திருப்பார். மூன்றாமவர் வாங்கி நிறுத்திவிட்டுத் துணியைப் போர்த்தியிருப்பார். ஓடோமீட்டர் இந்த மூவரையும் வேறுபடுத்திக் காட்டாது.

ஆகவே இத்தகைய காரின் விலையை நான் இரண்டு கழித்தல்களாகப் பார்க்கிறேன். குறையற்ற ஒரு காருக்கு இன்று உண்மையில் கிடைக்கும் விலையிலிருந்து, இந்தக் காருக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் செய்தாக வேண்டிய வேலைகளின் செலவைக் கழிப்பது முதலாவது. காரைப் பற்றி நிரூபிக்க முடியாமல் எஞ்சி நிற்கும் ஐயங்களுக்கான விலையைக் கழிப்பது இரண்டாவது. பலரும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். பெரிய தொகைகள் மாறுவது இரண்டாவதில்தான்.

தொடக்க விலையை விளம்பரங்களிலிருந்து எடுக்காதீர்கள். விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. ஆறு மாதமாக விற்காமல் கிடக்கும் காரின் விலையும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது, விலை சரியாக இருந்து இரண்டு நாளில் போன கார் அந்தப் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது. எனவே விளம்பரங்களின் சராசரி எப்போதும் மேல்நோக்கியே சாய்ந்திருக்கும். ஏலங்களின் முடிவுகள் இதைவிட நம்பகமானவை. பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலங்களில் பழைய முடிவுகள், படங்கள், ஏலத்தின்போது கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் அப்படியே பொதுவில் கிடக்கின்றன. அங்கே ஒரு காரின் விலை ஏன் இறங்கியது என்பது பல நேரம் அந்தக் கேள்விகளிலேயே தெரியும். ஒப்பிடும்போது வகையை மிகக் குறுக்கிக்கொள்ளுங்கள்: கரேராவையும் கரேரா எஸ்ஸையும், கூபேயையும் திறந்த கூரை காரையும், மேனுவலையும் ஆட்டோமேட்டிக்கையும் ஒன்றாகக் கலந்தால் கிடைக்கும் எண் எந்தக் காருக்கும் பொருந்தாது. பத்து விற்பனைகள் கிடைத்தால் போதும். அவற்றில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டு மீதியைப் பாருங்கள்.

இந்தத் தலைமுறைக்குள்ளேயே ஒரு பிரிவினை உண்டு என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். 997 என்று அழைக்கப்படும் இந்த 911இன் முற்பகுதிக் கார்கள் 2008 வரை பழைய வகை எஞ்சினோடு வந்தன. 2009 மாடலிலிருந்து புதிய எஞ்சின் வந்தது. பழைய எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டுகளுக்கு விசையைக் கடத்த ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும். முந்தைய 996 கார்களில் பெயர் கெடுத்த குறை இது. 2006 முதல் 2008 வரையிலான எஞ்சின்களில் பெரிய பேரிங்கைப் பொருத்தியதால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது; ஆனால் எஞ்சினை முழுதாகப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க இயலாது. நீங்கள் பார்க்கும் 3.8 லிட்டர், 355 குதிரைத்திறன் எஞ்சினில் அதைவிடக் கவனிக்க வேண்டியது சிலிண்டர் சுவர்களில் விழும் கீறல். இடைத்தண்டையே நீக்கிவிட்ட 2009 மாடல் முதலான எஞ்சின்கள் இந்தப் பேச்சிலிருந்து விடுபட்டவை. அதனால்தான் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டு கார்களுக்கிடையே அத்தனை விலை வேறுபாடு. அவற்றின் விலையை வைத்து உங்கள் மூன்று கார்களையும் எடைபோடக் கூடாது.

இப்போது உங்கள் 38,000 கி.மீ. காருக்கு வருவோம். இதன் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைப் பதிந்து வைத்திருக்கும். தகுந்த சோதனைக் கருவியை இணைத்தால் சில நிமிடங்களில் அந்த எண் கையில் வந்துவிடும். ஓடிய தூரத்தை அந்த மணிநேரத்தால் வகுத்தால் காரின் வாழ்நாள் சராசரி வேகம் கிடைக்கிறது. நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து ஓடிய காருக்கு அது பெரும்பாலும் மணிக்கு 40 முதல் 60 கி.மீ. வரை இருக்கும். 72,000 கி.மீ. ஓடிய கார் 1,500 மணி காட்டினால் சராசரி 48, இயல்பானது. 38,000 கி.மீ. கார் 1,650 மணி காட்டினால் சராசரி 23தான். அந்தக் கார் வாழ்நாள் முழுக்க நெரிசலிலேயே ஊர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடோமீட்டர் பின்னோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும். அதே 1,650 மணியை 45ஆல் பெருக்கிப் பாருங்கள்: 74,000 கி.மீ.யைத் தாண்டுகிறது. முதலாவது விளக்கம் உண்மையாகவே இருந்தாலும், நெரிசலில் ஓடிய 1,650 மணி என்பது எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் 38,000 கி.மீ.யின் தேய்மானம் ஆகாது. ஆக எப்படிப் பார்த்தாலும் குறைந்த தூரத்துக்காகக் கேட்கும் கூடுதல் விலைக்கு அடிப்படை இல்லாமல் போகிறது.

அதே அறிக்கையில் இன்னொரு பகுதி இருக்கும். என்னைப் பொறுத்தவரை மேனுவல் 911இல் அதுவே மிக மதிப்புள்ள ஒரு பக்கம். எஞ்சின் தன் வேக வரம்பைத் தாண்டிச் சுழன்ற நேரங்களை, எந்த அளவுக்குத் தாண்டியது என்பதைப் பொறுத்து ஆறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் எத்தனை முறை எரிபொருள் பற்றியது, கடைசியாக அது எத்தனையாவது மணியில் நடந்தது என்று கணினி குறித்து வைக்கிறது. முதலிரண்டு படிகளில் எண்கள் இருப்பதற்கு அலற வேண்டியதில்லை. முழு வேகத்தில் ஓட்டினால் வரம்பைத் தொடும்போதே அவை விழும். நான்கு, ஐந்து, ஆறாம் படிகள் வேறு கதை. எஞ்சின் தானாக அந்த வேகத்துக்குப் போக முடியாது, ஏனெனில் வரம்பைத் தொட்டதும் கணினி எரிபொருளை நிறுத்திவிடும். ஐந்திலிருந்து நான்குக்கு இறங்க நினைத்தவர் கை தவறி இரண்டுக்குத் தள்ளினால்தான் இது நடக்கும். அப்போது சக்கரங்கள் எஞ்சினை இழுத்துச் சுழற்றுகின்றன, கணினியால் எதையும் தடுக்க முடியாது. வால்வு ஸ்பிரிங், கனெக்டிங் ராட் போல்ட் என்று எல்லாம் வடிவமைத்தவர் நினைத்துப் பார்க்காத அழுத்தத்தைத் தாங்குகின்றன.

இந்த எண்களைப் பார்த்து மிரளுகிறவர்களும் அலட்சியப்படுத்துகிறவர்களும் ஒரு சிறு கணக்கைப் போடுவதில்லை. ஆறு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று முறை எரிகிறது. நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் நொடிக்கு 400 முறை. எனவே ஐந்தாம் படியில் "200" என்று இருந்தால் அது அரை நொடி. ஒரே ஒரு கைத்தவறு. அது 310ஆவது மணியில் நடந்திருந்து, கார் இப்போது 1,900 மணி ஓடியிருந்தால், சேதம் இருந்திருந்தால் இதற்குள் வெளிப்பட்டிருக்கும் என்று கருதலாம். அதே அரை நொடி போன மாதம் நடந்திருந்தால் அந்தக் காரை நான் இப்போதைக்குத் தொட மாட்டேன். எண்ணைவிட அது நிகழ்ந்த மணியே முக்கியம் என்பதை விற்பனையாளர்கள் பலரும் சொல்வதில்லை. அறிக்கையை எடுத்துக் கொடுக்கத் தயங்குகிறவரிடம் ஏன் தயக்கம் என்று கேட்பதில் தவறில்லை.

சிலிண்டர் கீறலைக் கண்டுபிடிக்க வழி உண்டு. குளிர்ந்த எஞ்சினை முடுக்கிச் சூடேறும்வரை கேளுங்கள். வேகத்தோடு சேர்ந்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தட்டும் ஒலி வந்தால் கவனம் தேவை. புகைக்குழாயின் இரு பக்க முனைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் சாம்பல் நிறமாகவும் மறுபக்கம் எண்ணெய்ப் பசையோடு கன்னங்கரேலென்றும் இருந்தால் ஒரு வரிசைச் சிலிண்டர்கள் எண்ணெய் குடிக்கின்றன. உறுதியாகத் தெரிய, நுண் கேமராவைச் சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பார்ப்பது எளிது. ஆனால் கீறல் பெரும்பாலும் சுவரின் கீழ்ப்பகுதியில் தொடங்குவதால், எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிக் கீழிருந்து பார்ப்பதே முழுமையான சோதனை. நேரம் பிடிக்கும், செலவும் ஆகும். பல விற்பனையாளர்கள் முகம் சுளிப்பார்கள்.

இந்த இடத்தில்தான் ஐயத்தின் விலை என்று நான் சொன்னது தெளிவாகிறது. குறையற்ற காரின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினைப் புதுப்பிக்க 35 ஆகும், அதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்று என்று கணக்குக்காகக் கொண்டால், ஐயத்தின் மதிப்பு மூன்றரைதான். ஆனால் சந்தை அதற்கு மூன்றரையை மட்டும் கழிப்பதில்லை. பத்தோ பதினைந்தோ கழிக்கும். ஆண்டுக்கு ஐம்பது கார் விற்கும் வியாபாரிக்கு ஒன்றில் வரும் நட்டம் மற்றவற்றில் கரைந்துவிடும். ஒரே ஒரு கார் வாங்கும் உங்களுக்கு அப்படிக் கரையாது. விழுந்தால் 35ம் உங்கள் தலையில்தான் விழும். அந்த அச்சத்துக்கு வாங்குபவர்கள் கேட்கும் தள்ளுபடி, ஆபத்தின் கணக்கைவிட எப்போதும் பெரிதாகவே இருக்கும். அப்படியானால், ஒன்றிரண்டு செலவழித்து அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள முடிகிற கார் எதுவோ, அதில்தான் உங்களுக்கு ஆதாயம். உங்கள் இரண்டாவது காரை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 72,000 கி.மீ. ஓடிய கார் மூன்றிலும் மலிவாக இருக்கிறது என்றால் ஏதோ ஒன்று மற்றவர்களை விரட்டியிருக்கிறது. அது தீர்க்கக்கூடிய ஐயமா, தீராத குறையா என்பதே கேள்வி.

தீராத குறை என்று நான் சொல்வது முதன்மையாக உடற்கூட்டில் பட்ட அடி. கதவைத் திறந்து, பெயின்ட் தடிமன் காட்டும் கருவியைக் கூரையில் தொடங்கி ஒவ்வொரு தகடாக வைத்துக்கொண்டே வாருங்கள். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். எண் எதுவாக இருந்தாலும் கார் முழுவதும் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். கூரை 120, வலது மட்கார்டு 125, கதவு 118 என்று வந்துகொண்டிருக்கும்போது இடது மட்கார்டு 290 காட்டினால் அது மீண்டும் பூசப்பட்டது; ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி வைத்து மட்டம் செய்திருக்கிறார்கள். உடனே அந்த மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் மாட்டியபின் தொடப்படாத போல்ட் தலையில் பூச்சு உடையாமல் இருக்கும். ஸ்பேனர் பட்ட தலையில் மூலைகள் பளிச்சென்று தெரியும். மட்கார்டு என்பது போல்ட்டில் மாட்டும் பாகம், மாற்றினால் மாற்றியதுதான், அதற்காகக் காரையே ஒதுக்க வேண்டியதில்லை. பின்பக்கத் தகடும் கூரைத் தூணும் அப்படி அல்ல. அவை வெட்டிப் பற்றவைக்கப்படுபவை. அங்கே 400 மைக்ரானைக் கண்டால் கார் ஒருகாலத்தில் பலத்த அடி வாங்கியது என்று பொருள். எவ்வளவு நேர்த்தியாகச் சரிசெய்திருந்தாலும் நீங்கள் விற்கப் போகும்போது அடுத்தவர் கருவியும் அதே எண்ணைத்தான் காட்டும். முன் பம்பர் மட்டும் மீண்டும் பூசப்பட்டிருந்தால் கவலை வேண்டாம். சாலையில் ஓடிய காரில் கல் தெறித்திருக்கும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் இந்தக் கருவி அங்கே வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கட்டமைப்பு சார்ந்த இந்த எச்சரிக்கை ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. பிஎம்டபிள்யூ எம்3இன் ஈ46 தலைமுறையில் பின் அச்சுத் தாங்கி பொருந்தும் தரைத் தகடு விரிசல் விடும். வலுவூட்டிய கார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் விலை கூடும். லோட்டஸ் எலிஸ் பசையால் ஒட்டிய அலுமினிய உடற்கூட்டின் மேல் நிற்பது. சிறு மோதல்கூடக் காரையே கைவிடச் செய்துவிடக்கூடும். மாஸ்டா எம்எக்ஸ்-5இன் பழைய கார்களில் கதவுக்குக் கீழுள்ள விளிம்பும் பின்சக்கர வளைவும் துருப்பிடிக்கும். சுழல் எஞ்சின் கொண்ட ஆர்எக்ஸ்-7ஐ அதற்கென்றே உள்ள அழுத்தமானியால் சோதிக்காமல் விலை பேசுவதில் பொருளே இல்லை. வாங்க நினைக்கும் மாடலின் இந்த ஒன்றிரண்டு பலவீனங்களை முன்கூட்டியே அறிந்திருப்பது, பொதுவான நூறு சோதனைகளைவிட மேலானது.

குறைந்த தூரத்தின் மீது பலருக்கும் இருக்கும் மயக்கம் எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது. பதினொரு ஆண்டில் 14,000 கி.மீ. மட்டுமே ஓடிய ஒரு காரை, பார்ப்பதற்குப் புதிதுபோல் இருந்ததால், கேட்ட விலைக்கே வாங்கலாம் என்று நண்பர் ஒருவருக்குச் சொன்னேன். அடுத்த ஓராண்டில் ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், எரிபொருள் பம்ப், நான்கு டயர்கள், காய்ந்து ஒழுகிய சீல்கள் என்று வரிசையாக வந்த பில்களை அவர் எனக்குப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். ரப்பரும் எண்ணெயும் கிலோமீட்டரை எண்ணுவதில்லை, ஆண்டைத்தான் எண்ணுகின்றன. ஃபெராரி எஃப்355இன் டைமிங் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும்; கார் ஓடாமல் நின்றிருந்தாலும் காலம் வந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2315 என்றால் 2015இன் 23ஆம் வாரம். பள்ளங்கள் கொஞ்சமும் தேயாத டயர்கள் பத்தாண்டு பழையவை என்றால், அவை புதியவை என்ற கணக்கில் விலை கொடுக்காதீர்கள். முன்னே ஒரு நிறுவனம், பின்னே பெயர் தெரியாத மலிவு டயர் என்று இருந்தால், கண்ணுக்குத் தெரியாத பாகங்களிலும் அதே சிக்கனம் நடந்திருக்கும் என்று நான் எடுத்துக்கொள்வேன். இதுவரை அது அதிகம் பொய்த்ததில்லை.

செய்தாக வேண்டிய வேலைகளைக் கழிப்பதில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். காரில் மஞ்சள் காலிப்பர்களோடு (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகங்கள்) பீங்கான் கலவை பிரேக் டிஸ்க்குகள் இருந்தால், விற்பவர் அதை ஒரு சிறப்பு என்று சொல்வார். அவை தடிமனில் தேய்வதைவிட எடையில்தான் குறைகின்றன. ஒவ்வொரு டிஸ்க்கின் நடுப்பகுதியிலும் குறைந்தபட்ச எடை பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றி எடைபோட்டுப் பார்க்காமல் அவற்றை நல்லவை என்று ஏற்காதீர்கள், ஏனெனில் நான்கையும் மாற்றும் செலவு சில பழைய கார்களின் விலையில் கணிசமான பங்காகிவிடும். கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ்கள் போன்றவை அனைத்துக்கும் ஒரு மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி அப்படியே கழித்துவிடலாம். நிறத்தைப் பற்றிப் பலர் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். அரிய நிறத்துக்குக் கொஞ்சம் கூடும், வெள்ளிக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய உதிரிகள் விலையைக் கூட்டுவதில்லை. கழற்றிய அசல் பாகங்கள் பெட்டியில் பத்திரமாக இருந்தால் விலையைக் குறைக்காமல் இருக்கும்.

பில்களுக்கு வருவோம். சர்வீஸ் புத்தகத்தில் வரிசையாக முத்திரை இருப்பது நல்லதுதான், ஆனால் முத்திரை என்ன வேலை நடந்தது என்று சொல்லாது. பில் சொல்லும்: எந்த நாள், எத்தனையாவது கிலோமீட்டர், எந்தப் பாகம், எத்தனை லிட்டர் எண்ணெய். பில்களைத் தேதி வரிசையில் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள கிலோமீட்டரை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். எண்கள் சீராக ஏறினால் ஓடோமீட்டரைப் பற்றிய கேள்வி அங்கேயே தீர்ந்தது. நான்காண்டு இடைவெளி இருந்தால் அந்த நான்காண்டு கார் எங்கே இருந்தது என்று கேளுங்கள். இரண்டு எண்ணெய் மாற்றங்களுக்கு இடையே எண்ணெய் வாங்கிய சிறு பில்கள் பல இருந்தால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது என்று பொருள்; விற்பவரே அறியாமல் தந்துவிடும் வாக்குமூலம் அது. உங்கள் மூன்றாவது கார் 1,15,000 கி.மீ. ஓடியும் நல்ல விலை கேட்பதற்குக் காரணம் இப்படிப்பட்ட ஒரு தடித்த கோப்பாக இருக்கலாம். கிளட்ச், தண்ணீர் பம்ப், ஷாக் அப்சார்பர் எல்லாம் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால், முதல் காரில் நீங்கள் செய்யப்போகும் செலவை அதன் உரிமையாளர் உங்களுக்காகச் செய்து முடித்துவிட்டார். அதோடு இந்த எஞ்சின் பெரிய சிக்கலின்றி அந்தத் தூரத்தைக் கடந்திருப்பதே அதன் உடல்நிலைக்கு ஓரளவு சான்று.

ஐந்து ஆண்டு கழித்து என்ன தேறும் என்பதற்கு இரண்டு கோணங்கள் உண்டு. ஒன்று, உங்கள் கையால் நடப்பது. 38,000 கி.மீ. காரின் விலையில் பெரும்பகுதி அந்தச் சிறிய எண்ணுக்காகக் கொடுப்பது. ஆண்டுக்கு 8,000 வீதம் ஓட்டினால் ஐந்தாண்டில் அது 78,000 கி.மீ. ஓடிய காராகிவிடும், நீங்கள் கொடுத்த கூடுதல் தொகையை நீங்களே ஓட்டித் தீர்த்திருப்பீர்கள். 1,15,000 கி.மீ. கார் 1,55,000 ஆனால் சந்தை அதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. அது முன்பும் ஓட்டும் கார், பின்பும் ஓட்டும் கார். ஓட்டுவதற்காக வாங்குகிறவர் மிகக் குறைந்த தூரத்துக்கு விலை கொடுப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இன்னொரு கோணம், அந்த மாடலுக்குச் சந்தையில் என்ன இடம் என்பது. ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை முதல் சில ஆண்டுகளில் சரிந்து, ஓரிடத்தில் நின்று, சிலவற்றில் மீண்டும் ஏறுகிறது. எவை ஏறுகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் ஏதோ ஒன்றின் கடைசியாக இருப்பவை. 1998இல் முடிந்த 993 தலைமுறை காற்றால் குளிரூட்டப்பட்ட கடைசி 911. அதற்கு அடுத்து வந்த 996 நெடுங்காலம் யாரும் சீண்டாத மலிவுக் காராகக் கிடந்தது. கார்வெட் 2020 மாடலில் எஞ்சினை நடுவுக்குக் கொண்டுபோய் மேனுவலைக் கைவிட்டதால், அதற்கு முந்தைய தலைமுறை இரண்டு வகையிலும் கடைசியானது. ஃபெராரி எஃப்430இல் மேனுவலைத் தேர்ந்தெடுத்தவர்கள் மிகக் குறைவு என்பதால், அன்று யாரும் விரும்பாத அந்தக் கியருக்கு இன்று தனி விலை. ஹோண்டா எஸ்2000, 1999 முதல் 2009 வரை வந்ததோடு சரி. அதன் இடத்தை நிரப்ப வேறொன்று வரவில்லை. சட்டமும் விலையை ஏற்றும்: 25 ஆண்டு கடந்த கார்களை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்ய விதிகள் தளர்வதால், 1999இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34க்கு அங்கே 2024இலிருந்து கதவு திறந்தது, விலை அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிட்டது. உங்கள் 997இல் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் இருக்கிறது, அடுத்த தலைமுறையில் அது மின்சாரத்துக்கு மாறிவிட்டது. டர்போ இல்லாத எஞ்சின் இருக்கிறது, பிற்காலச் சாதாரணக் கரேராக்களில் அதுவும் போய்விட்டது. இவற்றை விரும்புகிறவர்கள் இருக்கும்வரை மேனுவல் 997 மோசமாகச் சரியாது என்பது என் கணிப்பு. ஏறும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். காப்பீடு, பராமரிப்பு, நிறுத்துமிடம் எல்லாவற்றையும் கூட்டினால், வாங்கிய விலைக்கே விற்றவர்கூட நட்டத்தில்தான் நிற்பார். அந்த நட்டத்தை ஓட்டிய இன்பத்துக்கான வாடகை என்று எடுத்துக்கொண்டால் மனம் ஒப்பும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மூன்று உரிமையாளர்களிடமும் கணினி அறிக்கைக்கு அனுமதி கேட்பேன். முதல் காரில் மணியும் தூரமும் ஒத்துவந்து, காலத்தால் பழுதாகும் பாகங்கள் மாற்றப்பட்டிருந்தால் மட்டுமே அந்த விலைக்குப் பேச்சு. அப்போதும் ஓட்டுவதற்கு அதை வாங்க மாட்டேன். இரண்டாவது காரின் உரிமையாளரிடம், என் செலவில் கீழிருந்து சிலிண்டர்களைக் கேமராவில் பார்க்கச் சம்மதிப்பாரா என்று கேட்பேன். சம்மதித்து, சுவர்களும் தகடுகளும் சுத்தமாக இருந்தால் மூன்றிலும் அதுவே நல்ல பேரம். மறுத்தால் அந்தக் காரை மறந்துவிட்டு மூன்றாவதை வாங்குவேன், அதுவும் அதே சோதனைகளுக்குப் பிறகு. எதைப் பார்க்கப் போனாலும் காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை எஞ்சினை முடுக்க வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவையுங்கள். போனதும், வணக்கம் சொல்லிவிட்டு, எதுவும் பேசுவதற்கு முன், எஞ்சின் இருக்கும் பின்பக்க மூடியின் மேல் கையை வைத்துப் பாருங்கள். தகடு வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினின் ஒலியை நீங்கள் கேட்க வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.